நிலக்கீழா, பின்வளவா? ஸ்காபரோவில் அம்மா அப்பாவுக்கு ஒரு தனிக் கதவு

2021 ஏப்ரலில் எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்டுக்கு, அதாவது நிலக்கீழ்த் தளத்துக்கு, இறங்கும் படிக்கட்டின் மேற்படியில் ஒரு நாளைக்கு மூன்று தடவை சாப்பாட்டுத் தட்டு வைத்தோம். கீழே தம்பி. அவன் வேலை செய்யும் கிடங்கில் ஏழெட்டுப் பேருக்குக் கொரோனாத் தொற்று வந்த கிழமை அவனுக்கும் வந்துவிட்டது. மேலே அம்மா, அப்பா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். தட்டை வைத்து, கதவைத் தட்டி, மூடிவிட்டுத் தள்ளி நிற்போம். அவன் ஏறி வந்து எடுத்துப் போவான். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தோம். இரவில், வரவேற்பறைத் தரையில் சூடான காற்று வருகிற துவாரத்தின் வழியே அவன் இருமுவது தெளிவாகக் கேட்கும். இரண்டு தளத்துக்கும் காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஃபர்னஸ் ஒன்றுதான், காற்றுக்குழாயும் ஒன்றுதான். ஆறாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல்.

அப்பா இரண்டு கிழமை படுத்து எழும்பிவிட்டார். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. அன்று தொடங்கிய பேச்சு இதுதான்: அம்மா அப்பாவுக்குத் தனிக் கதவும் தனிக் காற்றும் உள்ள ஓர் இடம் வேண்டும், ஆனால் அது கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். பேஸ்மென்ட்டைத் திருத்துவதா, பின்வளவில் சின்ன வீடொன்று கட்டுவதா, இருக்கிற வீட்டையே இரண்டாகப் பிரிப்பதா, பக்கத்து அடுக்குமாடியில் ஒரு கொண்டோ வீடு எடுத்துக் கொடுப்பதா? கனடாவில், ரொறன்ரோ நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் இதே முடிவின் முன்னால் நிற்கிற குடும்பங்கள் நிறைய. மூன்று வருடமாக அலைந்து நாங்கள் அறிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் நகரசபையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கு என்னென்ன தெரிவுகள் இருக்கின்றன என்பதை அவர்களின் விவாதம்தான் தீர்மானித்தது. 2020 மார்ச் 23இல் மேயர் ஜோன் ரோரி ரொறன்ரோவில் அவசரநிலை அறிவித்தார். ஏப்ரல் 30இல் சபை முதல் தடவையாக இணையவழியில் கூடியது. அந்த வருடம் விதிகள் மாறிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். கோடையிலேயே உணவகங்கள் வீதியோரத்து வாகனத் தடத்தில் மேசை போட்டுக்கொள்ள அனுமதி வந்தது. வீடற்றவர்களுக்காக ஸ்காபரோவின் மேசி அவெனியூவில் 56 வீடுகள் கொண்ட கட்டடம் ஒன்று, தொழிற்சாலையில் செய்த பெட்டிகளை அடுக்கி, வருடம் முடிவதற்குள் எழும்பிவிட்டது. மனம் வைத்தால் முடியும் என்பதை நகரமே காட்டியது.

பின்வளவு வீட்டுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. வீட்டுக்குள் ஒன்று, வளவிலுள்ள துணைக் கட்டடத்தில் ஒன்று என்று கூடுதல் வதிவிடங்களை நகரங்கள் அனுமதிக்க வேண்டும் என ஒன்ராறியோ மாகாணம் 2019இலேயே சட்டம் போட்டுவிட்டது. ரொறன்ரோ சபை அதற்கான விதியை நிறைவேற்றியது 2022 பெப்ரவரி 2இல்தான். உணவகத்துக்குள் இருந்து சாப்பிடலாம் என்று மாகாணம் மறுபடி அனுமதித்து அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிறகு குடியிருப்பாளர் சங்கங்களின் கூட்டு ஒன்று காணித் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்த மேன்முறையீடு ஜூலையில் தள்ளுபடியான பிறகே விதி நடைமுறைக்கு வந்தது.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்களை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். பெரிய மரங்கள் போகும், மழைநீர் ஊற மண் குறையும், பக்கத்து வீட்டு யன்னலுக்குள் பார்வை விழும், பழைய கழிவுநீர்க் குழாய்கள் தாங்குமா என்பதெல்லாம் உண்மையான கவலைகள். என் ஆதங்கம் வேறு. வீட்டு விதி ஒரு கோப்பாகவும் தொற்று இன்னொரு கோப்பாகவும் தனித்தனியே நகர்ந்தன. நகரத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவே 2020 ஜூலையில் வெளியிட்ட கணக்கின்படி, தொற்று வந்தவர்களில் 83 சதவீதத்தினர் வெள்ளையர் அல்லாத சமூகத்தினர். நகரத்தின் மக்கள்தொகையில் அவர்கள் 52 சதவீதம் மட்டுமே. வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்ய முடியாத வேலை, ஒரே கூரைக்குக் கீழே மூன்று தலைமுறை. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது.

நகரம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டில் ஒதுங்க இடமில்லாதவர்களுக்காக 2020 செப்டம்பரில் ஒரு ஹோட்டலைத் தனிமைப்படுத்தும் நிலையமாகத் திறந்தார்கள். மத்திய அரசின் பணம், 140 பேர் வரை தங்கலாம், காசு கட்டத் தேவையில்லை. அவசர நேரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. வீடு கட்ட வருடங்கள் ஆகும், ஹோட்டலைத் திறக்கக் கிழமைகள் போதும். ஆனால் தம்பியிடம் அதைப் பற்றிச் சொன்னபோது அம்மா குறுக்கே வந்தார்: “காய்ச்சலோடை இருக்கிற பிள்ளையை ஆர் எண்டே தெரியாத இடத்துக்கு அனுப்பிறதோ? நான் விடமாட்டன்.” எங்கள் வீடுகளில் பாதியிலாவது இதே பேச்சு நடந்திருக்கும். ஆகவே அந்த ஏற்பாடும் வேண்டும், அது எட்டாத இடத்துக்கு வளவுக்குள்ளேயே ஒரு கதவும் வேண்டும்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

பேஸ்மென்ட்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இருக்கிற சுவர், இருக்கிற கூரை, செலவு குறைவு. ஆறு நகராட்சிகள் 1998இல் ஒன்றான பிறகு, 2000இலிருந்து இரண்டாவது வதிவிடம் ரொறன்ரோ முழுவதும் சட்டபூர்வமானது. இருந்தும் எங்கள் பக்கத்தில் அனுமதி எடுக்காத பேஸ்மென்ட்டுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எங்களிடம் வந்த ஒரு கட்டட வேலைக்காரர், “பெர்மிட் எல்லாம் எதுக்கு அண்ணை, எல்லாரும் இப்பிடித்தான்” என்றார். அவரை அத்தோடு அனுப்பிவிட்டோம். தீ பிடித்தால் காப்புறுதி கைவிரித்துவிடலாம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த விதிகள் கீழே படுத்திருப்பவர் உயிரோடு வெளியே வருவதற்காக எழுதப்பட்டவை.

முக்கியமானவற்றைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய வீடென்றால் கூரை உயரம் குறைந்தது 1.95 மீட்டர் இருக்க வேண்டும். மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் நடுவே பொதுவாக 30 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பு. ஓரிடத்தில் புகை எழுந்தால் இரண்டு வீட்டிலும் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகள். தப்பி வெளியேற யன்னலைப் பயன்படுத்துவதானால் திறந்த இடைவெளி ஓர் ஆள் வெளியே வரப் போதுமானதாக இருக்க வேண்டும். எங்கள் பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் குழாய் போகும் இடத்தில் டேப்பை வைத்து அளந்தபோது 1.90 வந்தது. ஐந்து சென்டிமீட்டர்தான் குறைவு. ஆனால் அந்தக் குழாயை நகர்த்துவதற்குக் கேட்ட காசில் ஒரு குளியலறையே போட்டுவிடலாம்.

காற்று விஷயத்தில் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பழைய வீட்டில் இரண்டு வதிவிடங்களும் ஒரே ஃபர்னஸைப் பகிரலாம். குழாய்க்குள் புகை உணர்கருவி ஒன்றைப் பொருத்தி, புகை வந்தால் ஃபர்னஸ் தானாக நிற்கும்படி செய்தால் போதும். தீக்கு அது நல்ல ஏற்பாடு. இருமலுக்கு அது ஒன்றும் செய்யாது. எல்லா அனுமதியும் எடுத்து, சட்டப்படி திருத்திய பேஸ்மென்ட்டிலும் 2021இல் நடந்தது அப்படியே திரும்ப நடக்கலாம். ஆகவே பேஸ்மென்ட்தான் என்று முடிவெடுப்பவர்கள், கீழ்த் தளத்தின் சூட்டை மேலிருந்து முற்றாகப் பிரியுங்கள். சூட்டுக்குச் சுவரில் பொருத்தும் ஹீட் பம்ப், வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் சின்னக் காற்றோட்டக் கருவி, இரண்டும் தனியாக. குசினி அலுமாரியை மலிவாக வாங்கி மிச்சம் பிடித்தாவது இதைச் செய்யுங்கள்.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16, இரண்டு நாளும் ரொறன்ரோவில் எத்தனையோ பேஸ்மென்ட்டுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, தண்ணீரை இறைக்கும் பம்ப் இரண்டுக்கும் நகரம் மானியம் தருகிறது. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழங்கால் தேய்ந்த 78 வயது மனுசியை, இரவு இரண்டு மணிக்கு ஈரப் படியில் ஏறச் சொல்ல முடியுமா? அம்மா கீழே போய்ப் பார்த்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: “விடிஞ்சதே தெரியாது, பிள்ளை.” அதன் பிறகு அப்பாவும் வாய் திறக்கவில்லை.

இளம் சோடிக்கு, படிக்கிற பிள்ளைக்கு, வாடகைக்கு வருகிறவருக்கு, சட்டப்படி திருத்திய பேஸ்மென்ட் நல்ல வீடுதான். பெற்றோருக்கு என்று வரும்போது நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

இனிப் பின்வளவு. ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. யாழ்ப்பாணத்தில் மகளுக்குச் சீதனமாக வளவின் ஒரு பக்கத்தை எழுதி, அங்கே வீட்டைக் கட்டி, கிணற்றைப் பங்காக வைத்து, வேலியில் பொட்டு என்கிற இடைவெளி ஒன்று விட்டு அதன் வழியே கறிச்சட்டி போய்வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே வளவு, இரண்டு அடுப்பு. ரொறன்ரோ அதைக் கண்டுபிடிக்க 2022 வரை எடுத்தது.

ஆனால் இங்கே வளவு இருந்தால் மட்டும் போதாது. 2022இல் வந்த விதிப்படி பின்வளவு வீட்டின் தரைப்பரப்பு 60 சதுர மீட்டர், அல்லது பின்வளவின் 40 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. முதன்மை வீட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளியிருந்தால் உயரம் 4 மீட்டர், ஏழரை மீட்டர் தள்ளியிருந்தால் 6 மீட்டர். அதாவது கிட்டே என்றால் ஒரு தளம், தூரமென்றால் இரண்டு. 2024 நவம்பரில் மாகாணம் இதை இன்னும் தளர்த்தியது. கட்டடங்களுக்கு நடுவே 4 மீட்டருக்கு மேல் இடைவெளி கேட்கக்கூடாது, காணியில் 45 சதவீதம் வரை கட்ட விட வேண்டும், சாய்வாக மேலே போகும் கற்பனைக் கோடு ஒன்றை வைத்து உயரத்தை வெட்டக்கூடாது என்றது. கார் நிறுத்த இடம் காட்டத் தேவையில்லை. தனியாகப் பிரித்து விற்க முடியாது.

இந்த எண்களைவிட மூன்று விஷயம்தான் பெரும்பாலான குடும்பங்களின் கனவை முடிவுசெய்கிறது. ஒன்று, தீயணைப்புப் படை வருவதற்கான பாதை. வீதியிலிருந்து பின்வளவு வீட்டின் கதவு வரை பொதுவாக 45 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, பாதை ஒரு மீட்டர் அகலம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே வாயுமீட்டரும் ஏசிப் பெட்டியும் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். வரைபடக்காரரிடம் காசு கொடுக்க முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். என் மச்சான் வீட்டில் 84 சென்டிமீட்டர்தான் இருந்தது, வரைபடத்துக்குக் காசு கட்டி முடித்த பிறகுதான் அது தெரிந்தது.

இரண்டாவது, மரம். நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் 30 சென்டிமீட்டர் விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரம் உங்கள் வளவில் நின்றாலும் அதை வெட்ட, ஏன், வேரைக் காயப்படுத்தவும் நகரத்தின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டு மரத்தின் வேர் வேலிக்குக் கீழால் வந்திருந்தால் அதற்கும் இதே விதி. எங்கள் வேலியோரம் பக்கத்து வீட்டு மேப்பிள் ஒன்று நிற்கிறது. அதற்காக வீட்டை இரண்டு மீட்டர் இழுத்து, படுக்கையறையைச் சுருக்கி, மூன்றாவது தடவையாக வரைபடம் போட்டோம். எனக்கு அதில் கோபமில்லை. ஆடியிலும் ஆவணியிலும் அந்த மரத்தின் நிழல்தான் எங்கள் பின்கதவுப் படியைக் குளிர்த்தியாக வைத்திருக்கிறது. எதிர்ப்பாளர்கள் மரத்தைப் பற்றிச் சொன்னது சரிதான் என்று ஒவ்வொரு வரைபடத்திலும் எனக்குப் பட்டது.

மூன்றாவது, நிலத்துக்குக் கீழே. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் முன்வீட்டிலிருந்து போக வேண்டும். இங்கே பனிக்காலத்தில் மண் உறைவதால் குழாயும் அத்திவாரமும் நாலடி ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அந்தக் குழி வெட்டும் வேலையும் புதிய மின்பலகையும் விலையில் தனித்தனி வரியாக வரும்போதுதான் நெஞ்சு பகீர் என்கிறது. எங்களுக்கு வந்த மூன்று மதிப்பீடுகளில் ஒன்றும் மூன்று லட்சம் டாலருக்குக் கீழே இல்லை. பேஸ்மென்ட் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பிறகு ஏன் அதை யோசிக்க வேண்டும்? படியே இல்லாத வாசல். நாலு பக்கமும் யன்னல். அவர்களுக்கென்று தனி ஹீட் பம்ப். மேலே யாராவது நடந்தால் இடிக்கிற சத்தம் இல்லை. தொற்று வந்தால் முன்வீட்டில் வந்தவர் முன்வீட்டில், பின்வீட்டில் வந்தவர் பின்வீட்டில். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, யன்னல் கண்ணாடி வழியே முகம் பார்த்துப் பேசலாம். 2021இல் தம்பியின் முகத்தைப் பத்து நாள் ஃபோனில்தான் பார்த்தோம், அவன் எங்கள் காலுக்குக் கீழேதான் இருந்தான்.

காசு விஷயத்தில் கொஞ்சம் கை கொடுக்கிற ஏற்பாடுகளும் இருக்கின்றன. ஒரு காணியில் இரண்டாவது, மூன்றாவது வதிவிடத்துக்கு, புதிய கட்டடங்களிடம் நகரம் அறவிடும் மேம்பாட்டுக் கட்டணம் வேண்டாம் என்று மாகாணம் 2022 இறுதியில் சட்டமாக்கியது. முதிய உறவினருக்காகத் தனி வதிவிடம் அமைத்தால் செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் மத்திய வரிச்சலுகை 2023இல் தொடங்கியது; தொடங்கியபோது அது 50,000 டாலர் வரையான செலவில் 15 சதவீதம், அதாவது 7,500 டாலர் வரை. 2025 ஜனவரியிலிருந்து, இரண்டு மில்லியன் டாலருக்குக் குறைந்த வீட்டை, கூடுதல் வதிவிடம் கட்டுவதற்காக அதன் பெறுமதியில் 90 சதவீதம் வரை மறுஅடமானம் வைக்க வழி திறந்திருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். எடுக்கலாம் என்பதற்காக 90 சதவீதம் வரை எடுத்துவிடாதீர்கள். வட்டி ஏறிய வருடங்களில் ஸ்காபரோ வீடுகளில் என்ன நடந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம்.

சந்து வீடு என்று இன்னொரு வகை உண்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சந்தைப் பார்த்தபடி கட்டுவது. ரொறன்ரோ அதை 2018இல் பழைய நகரப் பகுதிக்கும் 2019இல் நகரம் முழுவதற்கும் அனுமதித்தது. ஸ்காபரோவில் சந்துகள் அருமை. எங்களைப் போன்றவர்களுக்கு அது பேச்சளவில்தான்.

வீட்டையே பிரிப்பது வேறு கதை. 2023 மேயில் சபை நகரம் முழுவதும் நாலு வீடுகள் வரை ஒரே கட்டடத்தில் அனுமதித்தது. 2025 ஜூனில் ஆறு வரை அனுமதித்தபோது, பழைய ரொறன்ரோ, கிழக்கு யோர்க் தொகுதிகளோடு ஸ்காபரோவில் வடக்குத் தொகுதி ஒன்று மட்டுமே உள்ளே வந்தது. அண்ணன் தம்பி சேர்ந்து காசு போட்டுப் பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் கட்டி முடியும் வரை எண்பதை நெருங்குகிற இரண்டு பேரை எங்கே குடியிருத்துவது? அந்த ஒரு கேள்வியிலேயே நாங்கள் கைவிட்டோம்.

கொண்டோவையும் போய்ப் பார்த்தோம். லிஃப்ட் இருக்கிறது, பனி வழிக்கத் தேவையில்லை, விற்கவும் இலகு. ஆனால் தொற்றுக் காலத்தில் அந்த லிஃப்டுக்குள் ஏறப் பயந்தவர்களை எனக்குத் தெரியும். அதோடு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம், கார் எடுத்துக்கொண்டு போனால்தான் பார்க்கலாம். கூப்பிடு தூரம் போய்விடுகிறது.

யாராவது என்னிடம் கேட்டால், வாடகைக் கணக்கிலிருந்து தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அங்கே யார் இருக்கப் போகிறார், அவருக்கு முழங்கால் எப்படி, அவர் நோயாகப் படுத்தால் கதவை மூடிக்கொள்ள முடியுமா, கதவை மூடினாலும் வெளிச்சம் வருமா என்று தொடங்குங்கள். பெற்றோர் என்றால், பாதையும் மரமும் இடம் கொடுத்தால், ஒரு தளப் பின்வளவு வீடு. இரண்டு தளம் கட்ட விதி இடம் தருகிறது என்பதற்காக மாடி போடாதீர்கள், படி திரும்ப வந்துவிடும். கையில் காசு குறைவென்றால் பேஸ்மென்ட்டைச் சட்டப்படி, தனிக் காற்றோடு திருத்தி, இளையவர்கள் கீழே இறங்குங்கள். பெற்றோர் மேலே இருக்கட்டும். இந்த இடமாற்றத்தைப் பலர் யோசிப்பதே இல்லை.

நாங்கள் பின்வளவுக்குத்தான் விண்ணப்பித்திருக்கிறோம், ஒரே தளம், நாலு மீட்டர் உயரம். தம்பி கீழ்த் தளத்தைத் தனிச் சூட்டோடு திருத்தி எடுக்கிறான், அவன் தரும் வாடகை கடனில் ஒரு பங்கைக் கட்டும். போன சனிக்கிழமை அப்பாவும் நானும் புல்லில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டினோம். அம்மா பின்கதவிலிருந்து காலடிகளை எண்ணியபடி மெல்ல நடந்து வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். மனைவி குசினி யன்னலில் நின்றாள்.

“பதினாலு எட்டு,” என்றார் அம்மா. “தேத்தண்ணி ஆற முன்னம் கொண்டு வந்திடலாம்.”